பக்கத்து இருக்கை

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணனுக்கும் உடம்பில் குறையில்லை, கண்ணைத் தவிர.

போன் இருக்கும்போது அண்ணி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் வந்தால் இவர் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இவர் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை என்பதை இப்படிப் பயன்படுத்திக்கொள்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. நீ பதில் போடும்போது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் போடு. அங்கே என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். பார்வையின் நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு வட்டம். ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாமாம், போனது வராதாம். லைசென்ஸும் இனிமேல் கிடையாது. வீட்டுக்கு வந்து இவர் ஒரே வரிதான் சொன்னார். "ரோட்டோரம் தெரியுது, ரோடு தெரியல."

உன் கடைக்குப் பின்னாலிருக்கும் இரண்டு அறைகளையும் தருகிறேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மூன்று மாடி ஏறி இறங்குவது இனி இவரால் முடியாது. ஆனால் அண்ணன் உன்னிடம் "பாக்கலாம் பாப்பா" என்று இழுத்தாரே, அதற்கு அர்த்தம் வேறு. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என் வண்டிய நான் ஓட்டிட்டு வர்றதா இருந்தா வரேன். மூட்டை முடிச்சு மாதிரி என்னை யாரும் ஏத்தி இறக்க வேணாம். இல்லன்னா இந்த மூணாவது மாடிதான் எனக்கு."

சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். காலையில் ஆஸ்பத்திரிக்கு உதவிக்குப் போவதாக இவரிடம் சொல்லியிருக்கிறேன். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து உன் வீட்டு வாசல்வரை இவருடைய காரை நான் ஓட்டி வரப்போகிறேன், பக்கத்து இருக்கையில் இவர் உட்கார்ந்து வரவேண்டும். இது நடந்தால் வருகிறோம். நடக்காவிட்டால் இல்லை. யாரிடமும் மூச்சு விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் வேகமாக இறங்காதே.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 26

என் அன்புக்கும் இப்போது புதிதாகப் பயத்துக்கும் உரிய அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் மட்டும் நலமில்லை.

அண்ணி, உங்களுக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை, எனக்கே ஐம்பது தாண்டியும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். ஆனால் நீங்கள் இதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லையே. ஆபரேஷன் தியேட்டரில் நீங்கள் கத்தி எடுத்துக் கொடுத்தால் டாக்டர்களுக்கே தைரியம் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். அங்கே நோயாளி அசையமாட்டார். ரோட்டில் எல்லாரும் அசைவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அண்ணன். என் கல்யாணத்துக்கு நாம் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வேறு டிரைவர் ஓட்டினார். பஸ் முழுக்கக் குறட்டை. அண்ணன் மட்டும் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார், அங்கே ஒரு பிரேக் இருப்பது மாதிரி. கல்யாண போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன், பின்னால் அண்ணன் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. ஊரையே தூங்கவைத்துப் பஸ் ஓட்டிய மனிதர், தான் மட்டும் தூங்கமாட்டார்.

காரை விற்றுவிடுங்கள். ரயிலில் வாருங்கள். நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்கிறோம். அண்ணன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், பிறகு சரியாகிவிடுவார்.

அறைகளுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னல் திரை என் கடையிலேயே தைக்கிறேன். என்ன நிறம் வேண்டும்?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் அல்ல, ரோட்டில் இருக்கும்போதும் ஜாக்கிரதை.

இப்படிக்கு,
பாப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே இருவரும் சுகம்.

டெஸ்டில் தேறிவிட்டேன். மாஸ்டருக்கு அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆனாலும் முதல் வாரமெல்லாம் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். போன வாரம் கைப்பிடியை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார். "மேடம், உங்களுக்கு வேகம்தான் வராது, மத்ததெல்லாம் வந்துருச்சு" என்றார். தியேட்டரில் நான் வேகத்துக்குப் பெயர் வாங்கியதே இல்லை. கேட்ட பொருள் கேட்ட நேரத்தில் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

காரை விற்கச் சொல்லி எழுதியிருந்தாய். அந்தக் கார் கீழே நிற்பதால்தான் உன் அண்ணன் காலையில் எழுந்து, முகம் மழித்து, சட்டை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்குகிறார். ஒவ்வொரு டயரையும் ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். கண்ணாடி துடைக்கிறார். அது போய்விட்டால் இவர் எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும், சொல்லு.

மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். தியேட்டரில் கருவிகளைக் கட்டிவைப்பதுபோலத்தான் கட்டுகிறேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. அட்டைப்பெட்டி மேல் தடித்த மார்க்கரால் பெரிய பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இவரும் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் எழுத்தைப் பிடித்துப் படித்துவிடுகிறார். படிக்க முடிந்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம். அதற்காகவே தேவையில்லாத பெட்டிகளிலும் எழுதிவைத்தேன். சாமானெல்லாம் லாரியில் முன்னாலேயே உன் வீட்டுக்கு வந்துவிடும்.

திரை நடுவில் வெள்ளையாக இருக்கட்டும், கரை நல்ல அடர்த்தியான நீலமாக இருக்கட்டும். ஓரம்தானே இவருக்குத் தெரியும்.

நான் கற்றுக்கொண்டதை இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இருவரும் நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் அண்ணன் "ம்", "சரி" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறார். சொல்லிவிட்டீர்களா? என்ன ஆயிற்று?

சாமான் வந்து சேர்ந்தது. லாரிக்காரர்கள் இறக்கும்போதே, "இதைக் கட்டினது யாரும்மா, எங்க கம்பெனியில வேலை கொடுக்கலாம்" என்றார்கள். உங்கள் "முதலில் திற" பெட்டியைத் திறந்தேன், கோபிக்காதீர்கள். பல்பு, ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல், கெட்டில், இரண்டு கப், சோப்பு, துண்டு, தலையணை உறை. இருட்டில் ஒரு காலி வீட்டுக்குள் நுழையும் மனிதருக்கு எது எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையிலேயே கை வைத்த இடத்தில் வருகிறது. நான் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன். என் கத்தரிக்கோலை ஒரு நாளாவது தேடாமல் எடுத்ததில்லை. பெட்டியை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட அண்ணியைப் போய் ரயிலில் வாருங்கள் என்று எழுதினோமே என்று இருந்தது.

ஒரு வரியாவது போடுங்கள். உடம்பு முக்கியம், இரண்டு பேருடையதும்.

பாப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். இருவரும் நலம். நாங்கள் கிளம்பிவிட்டோம். இது ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுவது. உன் அண்ணன் கீழே டயர் தட்டிக்கொண்டிருக்கிறார்.

சொன்னேன். லைசென்ஸை எடுத்து இவர் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். "யாரோடது?" என்றார். "என்னோடது" என்றேன். மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு கேட்டதற்குப் பதில் மட்டும்தான். லாரி வந்தது, சாமான் போனது, வீடு காலியானது, வாய் மட்டும் திறக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. எழுத என்ன இருந்தது.

சாவி ஒப்படைக்கும் நாள் வந்தது. நான் இவருடைய தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போய், பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இவர் வாசலில் நின்றார். நான் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய வண்டி, உனக்குத் தெரியுமே, ஸ்டார்ட் ஆவதற்குச் சோக் குமிழை இழுத்துவிட்டால் கத்தும். நான் உள்ளே தள்ள மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து, "அந்த சோக்கை உள்ள தள்ளு, வண்டி அழுவுது" என்றார். தள்ளினேன். கதவை மூடினார். கிளம்பிவிட்டோம்.

நீ சொன்னது சரி. வலது கால் தரையை விட்டு எழவே இல்லை. மிதியடி கிழிந்துவிடும்போல இருக்கிறது. திருப்பங்களில் "அகல எடு, அகல எடு" என்கிறார். பின்னால் முழு பஸ் தொங்குவதாக நினைப்பு. நானும் சண்டை எதற்கு என்று அகலமாகவே எடுக்கிறேன். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

அடுத்து இவருடைய பழைய கண்டக்டர் வீட்டில் தங்குவோம். விலாசம் கீழே இருக்கிறது. வெயிலில் அலையாதே.

அண்ணி


ஏப்ரல் 10

வண்டி ஓட்டும் என் அண்ணிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, சந்தோஷத்தில் கை ஓடவில்லை. கடிதத்தைக் கடையில் இருந்த எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். துணி அளவெடுக்க வந்த ஓர் அம்மா அளவை மறந்துவிட்டு, "அப்புறம் ஏறினாரா?" என்று கேட்டார். இப்போது தெருவில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் "எங்க வந்திருக்காங்க?" என்கிறார்கள்.

அண்ணன் தூங்குகிறாரா வண்டியில்? இல்லை என்று தெரியும். சும்மா கேட்டேன்.

ஒரு சங்கதி. எங்கள் கேட்டில் ஒரு கதவுதான் திறக்கும், இன்னொன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. நீங்கள் பஸ் திருப்புவதுபோலத் திருப்பினால் சுவரைக் கட்டியவர் மறுபடி வரவேண்டியிருக்கும். எங்கள் வீட்டுக்காரரிடம் எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறேன். "வர்றப்போ பாத்துக்கலாம்" என்கிறார். நீங்கள் வருவீர்கள் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. எனக்கு வந்துவிட்டது.

நன்றாகத் தூங்குங்கள், நீங்களாவது.

பாப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். கண்டக்டர் வீட்டில் எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். அவர் இப்போது ஒரு பார்சல் ஆபீஸ் நடத்துகிறார். பின்னால் ஷெட். ஷெட்டில் எங்கள் கார் நிற்கிறது. கிளட்ச் எரிந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். தியேட்டரில் கையை எப்போதும் தயாராக நீட்டி வைத்திருந்து பழக்கம். கேட்பதற்கு முன்னால் கை அங்கே இருக்கவேண்டும். அதே பழக்கத்தில் இடது காலையும் கிளட்ச்சின் மேல் தயாராகவே வைத்திருந்திருக்கிறேன், முழு வழியும். தயாராக இருப்பது தப்பாகும் இடமும் உண்டு என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். வண்டி ஊருக்கு வெளியே ஓர் ஏற்றத்தில் நின்றுவிட்டது. உன் அண்ணன் மூக்கால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "உன்னால முடியாதுன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். நான் கண்டக்டருக்குப் போன் போட்டேன், அவர் வந்து கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனார்.

கண்டக்டருக்கு மட்டும் ஒரே குஷி. இவர் எந்தப் பக்கத்திலிருந்து இறங்கினார் என்று பார்த்துவிட்டார். "என்னண்ணே, என் சீட்டுக்கு வந்துட்டீங்களா" என்றார். "அந்த சீட்டுக்குன்னு ஒரு வேலை இருக்குண்ணே. 'ரைட்' சொல்லணும். நான் ரைட் சொல்லாம நீங்க ஒருநாளும் வண்டிய எடுத்ததில்ல." உன் அண்ணன், "நான் எதுக்குடா சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார். அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

புதிய கிளட்ச் பிளேட்டுக்குச் சொல்லியிருக்கிறது. வந்தால் இவரும் கண்டக்டரும் சேர்ந்து மாட்டுவார்கள். அதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், கை போதும் என்கிறார். அடுத்தது மலைப்பாதை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இருவர் உடம்பும் எப்படி? இந்தக் கடிதத்தை அண்ணனுக்கும் படித்துக்காட்டுங்கள்.

மலைப்பாதை என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை வந்ததே பெரிய காரியம். எங்கள் ஊரில் யாரும் செய்யாதது. அண்ணா, நீங்கள் ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டருக்குத் தெரிந்த ஆள் யாராவது இருப்பார்கள். மலையை மட்டும் அவர் ஓட்டிக் கொடுக்கட்டும். உங்கள் வண்டியில்தானே வரப்போகிறீர்கள், அதில் கௌரவக் குறைச்சல் என்ன? அண்ணிக்கும் ஓய்வு.

யோசித்து முடிவெடுங்கள். திரைகள் தைத்தாகிவிட்டது. நீலக் கரை நன்றாக வந்திருக்கிறது.

பாப்பா


மே 13

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். நல்ல யோசனை என்றார். பிறகு டிரைவர் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நேற்று மலையைத் தாண்டினோம். இங்கே நல்ல மழை, முன்னால் ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மழை விடும்வரை இந்த லாட்ஜில் இருப்போம். விலாசம் உறையின் பின்பக்கம்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

"வேறு விசேஷம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெட்டி கட்டியதை ஒரு பக்கம் எழுதுவீர்கள். சோக்கைத் தள்ளியதை அரைப் பக்கம் எழுதுவீர்கள். அவ்வளவு பெரிய மலையைத் தாண்டிவிட்டு அதற்கு ஒரு வரியா? நான் அவ்வளவு பாப்பா இல்லை.

டிரைவர் யோசனை சொன்னது நான்தான். அண்ணன் அதை உடனே நல்ல யோசனை என்று சொன்னது உங்களை எப்படிச் சுட்டிருக்கும் என்பது உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்களைவிட வழியில் போகிற ஒருவன் மேல் என்று ஆகிவிட்டதே. நான் அப்படி நினைத்து எழுதவில்லை, அண்ணி. பயத்தில் எழுதினேன்.

மலையில் என்ன நடந்தது? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள். சண்டையா? அண்ணன் வருகிறாரா, இல்லையா? இங்கே எங்கள் வீட்டுக்காரர் தினமும் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருகிறார். எண்ணெய் மட்டும் இன்னும் போடவில்லை.

மழையில் நனையாதீர்கள்.

பாப்பா


மே 24

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

சுகம். நீ சுகமா? முழங்காலைப் பார்த்துக்கொள்.

இது பெட்டி மேல் எழுதும் மார்க்கர். இதில் எழுதினால்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு தாளில் நாலு வரிதான் பிடிக்கிறது, அதனால் நிறையத் தாள். வரி கோணினால் சிரிக்காதே. உறையில் விலாசம் உன் அண்ணி எழுதினாள். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள்.

உன் கடிதத்தைப் படித்தாள். "வழியில் போகிற ஒருவன் மேல்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மீதியை நான் மூக்கு தாளில் இடிக்க, ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அரைநாள் ஆயிற்று. பதில் நான்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது.

கண்டக்டர் ஒரு டிரைவரைக் கூட்டி வந்தான். நல்ல பையன்தான். சாவியை வாங்கக் கை நீட்டினான். உன் அண்ணி அவனுக்கு டீ கொடுத்தாள். குடித்து முடித்ததும், "தம்பி, சிரமப்பட்டு வந்தீங்க, நாங்களே போயிக்குறோம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன்.

மலையில் பாதி தூரத்தில் பனி இறங்கிவிட்டது. எனக்கு ஓரமும் போய்விட்டது. அவளுக்கும் பத்தடிதான் தெரிந்திருக்கும். எனக்குப் பயம், பாப்பா. அத்தனை வருஷம் ஓட்டியும் வராத பயம். நிறுத்து என்று கத்தினேன். நிறுத்தினாள். "எறங்கு, நான் ஓட்டுறேன். உன்னை நம்பி இதுல வரமுடியாது" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இறங்கினாள். சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சாவியை என் கையில் வைத்தாள். "சரிங்க, ஓட்டுங்க" என்றாள். நான் வண்டியைத் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போனேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எத்தனை நாள் கழித்து. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ரோடு இருக்கவேண்டிய இடத்தில் அந்தப் புகை வட்டம். திரும்பி அவளைப் பார்த்தேன். நேரே பார்த்தால் எனக்கு அவள் தெரியமாட்டாள், அதனால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கால் தரையை அழுத்தவில்லை. கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கண் தெரியாதவன் பக்கத்தில், மலையில், பனியில், அப்படி உட்கார்ந்திருந்தாள். நான் எடுக்கமாட்டேன் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்ஜினை நிறுத்தினேன். இறங்கினேன். சாவியைக் கொடுத்தேன். என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் சாவியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வண்டியை எடுக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ரைட்" என்றேன்.

எடுத்தாள். ஏற்றத்தில் வண்டி பின்னால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு வரவில்லை, காதுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கொடுத்து, நின்று, காது கொடுத்துக் கேட்டு, பிறகு எடுத்தாள். சொல்ல ஒன்றும் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் இப்படி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். நான் அதில் ஒருவன் என்று நினைத்திருந்தேன், இப்போது சந்தேகம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, பாப்பா. கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. வண்டி சமவெளியில் போய்க்கொண்டிருந்தது. மலை பின்னால் போய்விட்டது. என் தலைக்கு அடியில் தலையணை இருந்தது. "எங்க இருக்கோம்?" என்றேன். "தாண்டியாச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உனக்கும் அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள்.

நான் ஓட்டிய காலத்தில் தினமும் ஒரு பஸ் ஜனம் என் முதுகுக்குப் பின்னால் தூங்கும். கண்ணாடியில் பார்ப்பேன். வாயைப் பிளந்துகொண்டு, குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு. களைப்பில் தூங்குகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது எப்படிப்பட்ட தூக்கம் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்லிவிடு. இல்லை, இந்தத் தாள்களை எடுத்து வை, நான் வந்து சொல்கிறேன்.

மழை விட்டுவிட்டது. பாலம் திறந்தாகிவிட்டது. நாளைக் காலை கிளம்புகிறோம். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வை. அவள் அகலமாகத்தான் திருப்புவாள்.

அண்ணன்